வட்டத்துக்குள் ஆர்: ® குறியை எப்போது, எங்கே, எப்படிப் போடுவது? மும்பைத் தமிழ்த் தொழில்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாராவி 90 அடி சாலையில் முறுக்குப் பாக்கெட், மாட்டுங்காவில் காபிப் பொடி, சயான் கோலிவாடா பக்கம் இட்லி மாவுப் பை என்று எதை எடுத்துப் பார்த்தாலும் பெயரின் தலைமாட்டில் ஒரு குட்டி வட்டமும் அதற்குள் ஓர் ஆர் எழுத்தும் இருக்கக்கூடும். "இது ஏன் இருக்கு?" என்று கேட்டால், "டிசைன் போட்ட தம்பி வெச்சாரு, பார்க்க கம்பெனிச் சரக்கு மாதிரி இருந்துச்சு" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். குழந்தை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல் லேபிளில் இதை வைத்துவிடுகிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் அந்த வட்டம் ஒரு வாக்குமூலம். இந்த வடிவில் உள்ள இந்தப் பெயர், இந்தச் சரக்குக்காக, இந்த நாட்டின் டிரேட்மார்க் பதிவேட்டில், இன்றைய தேதியில் உயிரோடு இருக்கிறது என்று அது சொல்கிறது. வடிவம், சரக்கு, நாடு, தேதி ஆகிய நான்கில் ஒன்று பிசகினாலும் சொன்னது பொய்யாகிவிடும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த நான்கையும் சரிபார்ப்பதற்காகத்தான். விளக்கத்துக்கு 'நீலவட்டம்' என்று ஒரு கற்பனை இட்லி மாவுப் பெயரை வைத்துக்கொள்வோம்.

எந்தக் குறி எதற்கு

® என்றால் பதிவாகி முடிந்த டிரேட்மார்க். ™ என்றால் 'இது என் அடையாளம் என்று உரிமை கோருகிறேன்' என்று மட்டும் பொருள். அதற்குப் பதிவோ விண்ணப்பமோ தேவையில்லை. கடை திறந்த அன்றே போடலாம். ℠ என்பது சேவைகளுக்கான ™. அமெரிக்காவில் புழங்குவது. நம்மூரில் சேவைக்கும் ™ போதும். © புத்தகம், படம், ஓவியம் போன்றவற்றின் பதிப்புரிமைக்கு. பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லோகோவுக்கு © போட்டு, பெயர் பத்திரமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓவியம் பத்திரமாகலாம், பெயர் ஆகாது.

பதிவு பெற்றவர் ® போட்டே ஆகவேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை. பாரிஸ் உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவும், பொருளின் மேல் பதிவைக் குறிப்பிடாததால் பாதுகாப்பு போய்விடாது என்கிறது. ஆக, சந்தேகம் இருக்கும் இடத்தில் போடாமல் விடுவதால் உரிமை குறையாது. தவறாகப் போட்டால்தான் வம்பு.

எது பதிவு ஆகாது

'பதிவு' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மும்பையில் கடை நடத்துகிறவர் கையில் எப்படியும் நாலைந்து பதிவுகள் இருக்கும். மாநகராட்சி குமாஸ்தா லைசென்ஸ், ஜிஎஸ்டி எண், உத்யம் சான்றிதழ், உணவுத் தொழிலென்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ், கூட்டுத்தொழிலென்றால் பார்ட்னர்ஷிப் பதிவு, அல்லது பிரைவேட் லிமிடெட் கம்பெனிப் பதிவு. இவற்றில் ஒன்றுகூட ® போடும் தகுதியைத் தராது. கம்பெனியின் பெயரிலேயே 'நீலவட்டம்' இருந்தாலும் தராது. இணையத்தில் அதே பெயரில் டொமைன் வாங்கியிருந்தாலும் அப்படியே.

டிரேட்மார்க் விண்ணப்ப எண் வந்துவிட்டது என்பதும் பதிவு ஆகாது. விண்ணப்பித்த மறுநாளே ஏழு இலக்க எண் ஒன்று கையில் இருக்கும். அதைப் பார்த்த உற்சாகத்தில் பவுச் அச்சடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

வட்டம் போடாமல் பெயருக்குப் பக்கத்தில் 'பதிவு பெற்றது' என்று தமிழில் எழுதினாலும், மராத்தியில் 'நோந்தணிக்ருத்' என்று எழுதினாலும் கதை ஒன்றுதான். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆவது பிரிவு, பதிவைச் சுட்டும் எந்தச் சொல்லையும் குறியையும் டிரேட்மார்க் பதிவைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறது. பார்ட்னர்ஷிப் பதிவு எண்ணை அச்சிட விரும்பினால், முகவரிக்கு அருகே, நிறுவனப் பெயரோடு சேர்த்துப் போடுங்கள். பிராண்டுப் பெயரை ஒட்டிப் போடாதீர்கள்.

படி 1: பதிவேட்டைத் திறந்து பார்ப்பது

ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து அச்சுக்குப் போகக்கூடாது. இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் டிரேட்மார்க் நிலை பார்க்கும் பக்கம் உண்டு. தேசிய எண் என்ற பகுதியில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் முழு விவரமும் வரும், கட்டணம் கிடையாது. இங்கே ஒரு சின்னப் பிசகு அடிக்கடி நேர்கிறது. இந்தியாவில் விண்ணப்ப எண்ணேதான் டிரேட்மார்க் எண். சான்றிதழில் அதற்கு மேல் சான்றிதழ் எண் என்று இன்னொன்றும் இருக்கும். அதைக் கொடுத்துத் தேடினால் யாரோ ஒருவருடைய பெயர் வந்து நிற்கும்.

நிலை என்ற இடத்தில் 'ரெஜிஸ்டர்டு' என்ற ஒரே சொல் இருந்தால் மட்டுமே ®. மற்றவை எல்லாம் ™ காலம். 'ஃபார்மாலிட்டீஸ் செக் பாஸ்' என்றால் தாள்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று மட்டுமே பொருள். 'பாஸ்' என்றதும் பரீட்சையில் தேறிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். 'அப்ஜெக்டட்' என்றால் ஆய்வாளர் கேள்வி எழுப்பியிருக்கிறார். 'அக்செப்டட் அண்ட் அட்வர்டைஸ்டு' என்பதுதான் எல்லாரையும் ஏமாற்றுவது. ஏற்றுக்கொண்டு, டிரேட்மார்க் பதிவகம் வெளியிடும் ஜர்னலில் விளம்பரப்படுத்தியிருக்கிறார்கள், எதிர்ப்பு தெரிவிக்க 4 மாத அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். 'அப்போஸ்டு' என்றால் யாரோ எதிர்த்துவிட்டார்கள். 'ரிமூவ்டு' என்றால் ஒருகாலத்தில் இருந்தது, இப்போது இல்லை.

இன்னொரு கண்ணி. சான்றிதழில் பதிவுத் தேதி என்று விண்ணப்பித்த தேதியே இருக்கும். சட்டமே அப்படித்தான் முன்தேதியிட்டுத் தருகிறது. 'அப்படியானால் விண்ணப்பித்த நாளிலிருந்தே ® போட்டிருக்கலாமே' என்று தோன்றும். போட்டிருக்கக் கூடாது. குறியைப் போட்ட அந்த நேரத்தில் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்ததா என்பதே கேள்வி.

நிலைப் பக்கத்தை அச்சு ஆர்டர் கொடுக்கும் நாளன்று பிடிஎஃப்பாக எடுத்து, அந்த ஆர்டரின் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சான்றிதழையும் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

பதிவு இருந்தும் பலர் சறுக்குவது இங்கேதான். அதனால் இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வடிவம். பதிவு சொல்லுக்கா, லோகோவுக்கா? 'நீலவட்டம்' என்ற சொல்லைச் சாதாரண எழுத்தில் பதிவு செய்திருந்தால், எந்த எழுத்துருவில் எழுதினாலும் அதன் பக்கத்தில் ® போடலாம். வட்டமும் நெற்கதிரும் உள்ளே பெயரும் சேர்ந்த ஒரே படமாகப் பதிவு செய்திருந்தால், உரிமை அந்த முழுப் படத்துக்கு. பெயரை மட்டும் உருவி எடுத்து, விளம்பரத்தில் 'நீலவட்டம்®' என்று எழுதினால், பதிவான குறியின் ஒரு பகுதியைத் தனியே பதிவானதாகக் காட்டுகிறீர்கள். 107-ஆவது பிரிவு இதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. லோகோ மட்டும் பதிவாகியிருந்தால் ® லோகோவின் வலது ஓரத்தில், முழுப் படத்துக்கும் சேர்த்தாற்போல் இருக்கட்டும். வாக்கியங்களுக்குள் ™ போடுங்கள்.

அடுத்து எழுத்து. மும்பையில் இது மூன்று மடங்கு சிக்கல். மகாராஷ்டிராவில் கடைப் பலகையில் மராத்திப் பெயர் தேவநாகரியில் இருக்கவேண்டும், மற்ற மொழி எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது. அதற்குக் கீழே ஆங்கிலம். நம் வாடிக்கையாளருக்காகத் தமிழ். ஆனால் பதிவு பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மூன்று வரிகளுக்கும் மூன்று ® போடுவது தவறு. எந்த எழுத்தில் பதிவோ அந்த வரிக்கு மட்டும் போடுங்கள். தமிழ் எழுத்துதான் உங்கள் பையின் முகம் என்றால் தமிழ் வடிவத்தையும் தனியாகப் பதிவு செய்வதே நல்லது. அப்போது விண்ணப்பத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் உச்சரிப்பை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத்துப்பெயர்த்து, பொருளையும் மொழிபெயர்த்து, மொழி தமிழ் என்று குறிப்பிடவேண்டும்.

நிறம் பற்றிய பயம் சிலருக்கு உண்டு. நிற வரம்பு இல்லாமல், அதாவது கறுப்பு வெள்ளையில் பதிவாகியிருந்தால், எல்லா நிறத்துக்கும் பதிவானதாகவே சட்டம் கருதுகிறது. பச்சைப் பையில் போட்டாலும் ® செல்லும். குறிப்பிட்ட நிறங்களைக் கோரிப் பதிவு செய்திருந்தால் அந்த நிறங்களோடு இருங்கள்.

பிறகு சரக்கு. பொருள்களும் சேவைகளும் மொத்தம் 45 கிளாஸ்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1 முதல் 34 வரை பொருள், 35 முதல் 45 வரை சேவை. இட்லி மாவு, காபி, மசாலாப் பொடி, முறுக்கு போன்ற தானியத் தீனிகள் 30-இல் வரும். நெய், எண்ணெய், ஊறுகாய், வாழைக்காய் சிப்ஸ், உருளைக்கிழங்கு சிப்ஸ் 29-இல். ஒரே பலகாரக் கடையின் ஒரே அலமாரியில் முறுக்கும் சிப்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பதிவேட்டில் அவை வேறு வேறு வீடு. தோல் பையும் பர்ஸும் 18, செருப்பும் இடுப்பு பெல்ட்டும் 25, ஊதுபத்தி 3, உணவகம் 43.

'நீலவட்டம்' 30-இல் மட்டும் பதிவாகியிருந்தால், அதே பெயரில் நெய் பாட்டில் இறக்கும்போது ® போடக்கூடாது. உணவகம் திறந்து பலகை மாட்டினால் அதிலும் கூடாது. கிளாஸ் ஒன்றாகவே இருந்தாலும் சான்றிதழில் எழுதியுள்ள பட்டியலைப் படியுங்கள். 'இட்லி மாவு, தோசை மாவு' என்று மட்டும் எழுதியிருந்தால், 30-இலேயே வரும் காபிப் பொடிக்கு அது பொருந்தாது. பழைய அச்சுக் கோப்பைத் திறந்து பெயரை அப்படியே நகலெடுத்துப் புதுப் பொருளுக்கு ஒட்டும்போது ® கூடவே தொற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆகவே லோகோவை எப்போதும் மூன்று கோப்புகளாக வைத்திருங்கள்: ® உள்ளது, ™ உள்ளது, குறியே இல்லாதது.

கடைசியாக, நிபந்தனை. சான்றிதழின் அடியில் 'இன்ன சொல்லுக்குத் தனி உரிமை இல்லை' என்றோ, 'இந்த மாநிலத்தில் மட்டும்' என்றோ ஒரு வரி இருக்கலாம். இருந்தால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ® ஒட்டக்கூடாது. 'நீலவட்டம் பிரெஷ் மாவு®' என்று கடைசியில் போட்டால் 'பிரெஷ் மாவு' என்பதையும் சேர்த்துச் சொல்வதுபோல் ஆகிவிடும். 'நீலவட்டம்® பிரெஷ் மாவு' என்று எழுதுங்கள்.

பதிவு இன்னும் இல்லை என்றால்

டிரேட்மார்க் பதிவகத்தின் தலைமை அலுவலகம் மும்பை ஆண்டாப் ஹில்லில், பௌத்திக் சம்பதா பவனில்தான் இருக்கிறது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் கூப்பிடு தூரம். நேரில் போகவும் வேண்டாம், இணையத்தில் போட்டால் செலவும் குறைவு.

படிவம் டிஎம்-ஏ. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் இணையவழி ஒரு கிளாஸுக்கு ₹4,500, மற்றவர்களுக்கு ₹9,000. தாளில் கொடுத்தால் ₹5,000, ₹10,000. சிறுதொழில் சலுகைக்கு உத்யம் சான்றிதழ் கேட்பார்கள். ஏற்கெனவே அந்தப் பெயரைப் பயன்படுத்தி வருகிறீர்கள் என்று தேதி போட்டால், அதற்கு உறுதிமொழிப் பத்திரமும் பழைய பில், விளம்பரம் போன்ற ஆதாரங்களும் சேர்க்கவேண்டும். ஆதாரம் இல்லாத தேதியைப் பெருமைக்காகப் போட்டுவிட்டுப் பின்னால் எதிர்ப்பு வழக்கில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

படம் 8 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். அதில் ®, ™ எதுவும் இருக்கக்கூடாது. லேபிள் கோப்பிலிருந்து லோகோவை வெட்டியெடுத்து அனுப்பும்போது குறி உள்ளேயே இருந்துவிடுவதைக் கவனியுங்கள். பதிவாகாத பெயரைப் பதிவானதாகக் காட்டும் படத்தைப் பதிவகத்துக்கே அனுப்புவது, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சைலன்சர் கழற்றிய வண்டியை ஓட்டுவதுபோல்.

ஆய்வறிக்கை வந்தால் பதில் சொல்ல ஒரு மாதம். தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். சாமி பெயர் வைக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு அதிகம் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைக் கோரிய வழக்கில், புனித நூலின் பெயரை மட்டும் தனியாக யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. வெறும் தெய்வப் பெயரோடு போனாலும் தடை வர நிறைய வாய்ப்பு. அதோடு உங்களுக்கே உரிய ஒரு சொல்லையோ வடிவத்தையோ சேர்த்துப் போங்கள்.

ஏற்கப்பட்டால் ஜர்னலில் வரும், பிறகு 4 மாதம் காத்திருப்பு. யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ். அதுவரை ™.

பொய்யாகப் போட்டால்

முன்பு 107-ஆவது பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஜன் விஸ்வாஸ் சட்டம் 2023 அதை மாற்றியது. 2024 ஆகஸ்ட் 1 முதல் சிறை இல்லை. தணிக்கை செய்த கணக்கின்படி மொத்த விற்பனையில் அரை சதவீதம், அல்லது ₹5 லட்சம், இதில் எது குறைவோ அது அபராதம். ஆண்டு விற்பனை ₹2 கோடி என்றால் ₹1 லட்சம். விற்பனை ₹10 கோடியைத் தாண்டினால் எவ்வளவு போனாலும் ₹5 லட்சம்தான். கிரிமினல் கோர்ட்டுக்குப் பதிலாகப் பதிவகத்தின் விசாரணை அதிகாரியே முடிவு செய்கிறார்.

சிறை போய்விட்டதே என்று நிம்மதி அடைவதைவிட, புகார் கொடுப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது என்று பார்ப்பதே விவேகம். புகாரைப் பெரும்பாலும் போட்டிக் கடைக்காரர்தான் கொடுப்பார். அபராதத்தைவிட வலிப்பது வேறு: நாளைக்கு உங்கள் பெயரைத் திருடியவர்மேல் நீங்கள் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது பொய் ® அச்சிட்ட உங்கள் பழைய பவுச்சைத்தான்.

படி 3: தட்டச்சு செய்வது

விண்டோஸில் எண் பட்டையுள்ள விசைப்பலகையென்றால் ஆல்ட்டை அழுத்திக்கொண்டே 0174. ™ வேண்டுமானால் 0153. முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 174 மட்டும் அடித்தால் பழைய குறியீட்டுப் பட்டியலிலிருந்து « வந்து நிற்கும். லேப்டாப்பின் மேல்வரிசை எண்களில் இது வேலை செய்யாது. வேர்டில் கண்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலே போதும். ™-க்கு ஆர் இடத்தில் டி. மேக்கில் ஆப்ஷன் + ஆர். ™-க்கு ஆப்ஷன் + 2. ஆண்ட்ராய்டு ஜிபோர்டில் எண் பக்கத்துக்குப் போய், அதிலிருந்து அடுத்த குறிகள் பக்கத்துக்குப் போனால் ©, ®, ™ மூன்றும் வரிசையாக இருக்கும். இணையப் பக்க நிரலில் ® மற்றும் ™.

தமிழ் டிடிபி வேலையில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் 174-ஆம் இடத்தில் ® இருக்கும் என்று நம்ப முடியாது. தமிழ் எழுத்து ஒன்றே அங்கே குடியிருக்கலாம். எனவே பெயரைப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தாலும், ® ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஏரியல் போன்ற சாதாரண எழுத்துருவுக்கு மாற்றுங்கள். கோரல் டிராவில் அச்சுக்கு அனுப்பும் முன் கண்ட்ரோல் + க்யூ அடித்துக் கர்வாக, அதாவது எழுத்துருவே தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். இல்லையேல் அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வட்டத்துக்குப் பதில் கட்டம் வரும்.

பொருள் பட்டியலை எக்செல்லிலிருந்து ஆன்லைன் கடைக்கு ஏற்றும்போது ®-க்கு முன்னால் தொப்பி போட்ட ஆங்கில ஏ ஒன்று முளைத்தால், கோப்பு யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்கப்பட்டு வேறு வடிவமாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இருபுறமும் யுடிஎஃப்-8 என்று வைத்தால் ஏ ஓடிவிடும். எடை லேபிள் அடிக்கும் தெர்மல் பிரின்டர்கள் சிலவற்றின் எழுத்துப் பட்டியலில் ® கிடையாது. அங்கே லோகோவைப் படமாக ஏற்றுவதே வழி. வாட்ஸ்ஆப்பில் ® எமோஜி மாதிரி கொழுத்துத் தெரிவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: அளவும் இடமும்

சட்டம் அளவு சொல்லவில்லை. படிக்க முடியவேண்டும், பெயரை விழுங்கக்கூடாது, அவ்வளவே. பெயரின் எழுத்து உயரம் 10 மில்லிமீட்டர் என்றால் குறியின் விட்டம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் அழகாக இருக்கும். எழுத்து வளர வளர விகிதத்தைக் குறைக்கவேண்டும். 30 மில்லிமீட்டர் எழுத்துக்கு 4 முதல் 5 போதும். 45 சென்டிமீட்டர் கடைப் பலகை எழுத்துக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர்.

கீழ் எல்லை அச்சு முறையைப் பொறுத்தது. ஆப்செட் அட்டைப்பெட்டியில் 1.5 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். பிளாஸ்டிக் பவுச்சில் 2-க்குக் கீழே போனால் மை பரவி ஆருக்குள் இருக்கும் ஓட்டை அடைந்துவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக விட்டால் இன்னும் மோசம். கோட்டைச் சற்றே தடிமனாக்குங்கள். தோலில் சூடு முத்திரை குத்தும்போது 3 மில்லிமீட்டருக்குக் கீழே ஆர் வெறும் குழியாகத்தான் விழும். தாராவிப் பைகளுக்கு மேல்தோலில் பெயரை மட்டும் குத்தி, ®-ஐ உள் லேபிளில் அச்சிடுவது சுத்தமாக இருக்கும்.

தமிழ் எழுத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 'நீலவட்டம்' புள்ளியோடு முடிகிறது. மேல் மூலையில் ®-ஐ வைத்தால், சிறு அளவில் புள்ளியும் வட்டமும் இரண்டு புள்ளிகள்போல் தெரியும். புள்ளியின் மட்டத்தில் வைக்காமல், 'ம' எழுத்தின் தலைக்கோட்டுக்கு வட்டத்தின் நடு வரும்படி கொஞ்சம் இறக்கி, வட்டத்தில் பாதி அளவு இடைவெளி விடுங்கள். தேவநாகரியில் மேல்கோட்டை ® தொட்டுவிட்டால் எழுத்தின் பகுதிபோல் ஆகிவிடும். அங்கே கோட்டின் முடிவிலிருந்து விலக்கி வையுங்கள்.

™ பெரும்பாலான எழுத்துருக்களில் தானாகவே உயர்ந்து நிற்கும். ® சில எழுத்துருக்களில் முழு அளவிலும் சிலவற்றில் ஏற்கெனவே சிறுத்தும் இருக்கும். சிறுத்ததன்மேல் மறுபடி சூப்பர்ஸ்கிரிப்ட் போட்டால் தூசிபோல் ஆகிவிடும்.

பவுச் அச்சில் பணம் மிச்சமாகும் ஒரு வழி: கிராவியர் அச்சில் நிறத்துக்கு ஒரு சிலிண்டர். ™-ஐ ஒரே நிறத்தில், முடிந்தால் கறுப்பில் மட்டும் வையுங்கள். பதிவு வந்ததும் அந்த ஒரு சிலிண்டரை மாற்றினால் போதும். நாலு நிறம் கலந்து ™ வரைந்திருந்தால் நாலையும் மாற்றவேண்டிவரும்.

படி 5: வாக்கியத்துக்குள் எழுதும்போது

பக்கத்துக்கு ஒருமுறை, பெயர் முதலில் அல்லது பெரிதாக வரும் இடத்தில் போட்டால் போதும். வரிக்கு வரி போட்டால் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும்.

தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 'நீலவட்டத்தில் சுட்ட தோசை' என்று எழுதும்போது பதிவான சொல்லே உருமாறிவிடுகிறது. 'நீலவட்டத்®தில்' என்றா எழுதுவது? 'நீலவட்டம்®-இல்' என்பதும் கண்ணை உறுத்தும். பெயரை அசைக்காமல், பின்னால் பொருளின் பெயரைச் சேர்த்து அதற்கு உருபு கொடுங்கள்: 'நீலவட்டம்® மாவில் சுட்ட தோசை', 'நீலவட்டம்® மாவை ஊற்றி'. பெயர் பொருளின் பொதுப்பெயராகக் கரைந்துபோகாமல் இருக்கவும் இந்தப் பழக்கம் உதவும். நகல் எடுப்பதையே 'ஜெராக்ஸ் எடு' என்று சொல்லும் ஊரில் அந்த ஆபத்தை விளக்கவேண்டியதில்லை. அந்தப் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவேண்டும் என்று இங்கே வழக்கே நடந்தது. பெயர் தப்பித்துக்கொண்டது.

உங்களுக்காக வேறொருவர் மாவு அரைத்து உங்கள் பெயரில் பையில் போடுகிறார் என்றால், பின்புறம் சிறு எழுத்தில் 'நீலவட்டம்® இன்னாருக்குச் சொந்தமான பதிவு பெற்ற டிரேட்மார்க். அவர் அனுமதியுடன் பயன்படுத்தப்படுகிறது' என்று போடுங்கள்.

கடல் தாண்டும் சரக்கு

இந்தியப் பதிவு இந்தியாவுக்கு மட்டும். அதே பவுச்சை சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ அனுப்பினால், அங்கே பதிவில்லாத பெயருக்கு ® போட்டதாகும். இரண்டு நாடுகளிலுமே அது குற்றம். ஏற்றுமதிப் பைக்குத் தனிக் கோப்பு வைத்து ™ போடுங்கள். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே பதிவு வாங்கிவிட்டால் ® போடுவதே லாபம். போடாவிட்டால், எதிராளிக்கு அந்தப் பதிவு உண்மையில் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காத வரை, அவருடைய லாபத்தையும் நஷ்டஈட்டையும் கேட்க முடியாது.

எதிர்த் திசையில் இந்தியச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. வெளிநாட்டில் பதிவான பெயரை, அந்த நாட்டுக்கு மட்டுமே ஏற்றுமதியாகும் சரக்கில் பதிவானது என்று குறிப்பிடலாம். உள்நாட்டில் விற்பதென்றால், பதிவு இன்ன வெளிநாட்டில் என்று கூடவே சொல்லவேண்டும், அந்தச் சொற்கள் 'பதிவு' என்ற சொல்லின் எழுத்தளவுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். மூலையில் எறும்பு எழுத்தில் போட்டுத் தப்பிக்க முடியாது.

பத்தாண்டுக்குப் பிறகு

பதிவு விண்ணப்பத் தேதியிலிருந்து 10 ஆண்டு. சான்றிதழ் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணி ஏமாறுகிறவர்கள் ஏராளம். 2016 மார்ச்சில் விண்ணப்பித்து 2018-இல் சான்றிதழ் வாங்கியவருக்கு 2026 மார்ச்சிலேயே முடிந்துவிடும். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே டிஎம்-ஆர் படிவத்தில் புதுப்பிக்கலாம். இணையவழி ஒரு கிளாஸுக்கு ₹9,000. முடிந்து ஆறு மாதத்துக்குள் என்றால் கூடுதலாக ₹4,500. அதையும் தாண்டி, முடிந்த ஓராண்டுக்குள் மீட்கலாம். புதுப்பிப்புக் கட்டணத்தோடு மீட்புக்கு இன்னொரு ₹9,000. பணம் கட்டாமல் தேதி தாண்டிவிட்டால் புதிதாக ® அச்சிடுவதை நிறுத்தி வையுங்கள். பதிவு தொடர்ந்து உயிரோடு இருக்கிறது என்று நிலைப் பக்கம் காட்டிய பிறகு தொடரலாம்.

உரிமையாளர் பெயரும் பார்க்கவேண்டியது. அப்பா பெயரில் பதிவு, அவர் காலமாகிவிட்டார், அண்ணன் தம்பி இருவரும் பிரிந்து ஆளுக்கொரு கடையில் அதே பெயர், அதே ® என்று ஓடும். யாருக்கு உரிமை என்பதை எழுத்தில் முடித்து, டிஎம்-பி (TM-P) படிவத்தில் பதிவேட்டில் ஏற்றுவது வரை இரண்டு கடைக்கும் அது பலவீனம்தான். தனிநபர் தொழில் பிரைவேட் லிமிடெட் ஆனபோதும் இதே படிவம்.

பெயர் பயன்பாட்டில் இருக்கவேண்டும் என்பதும் உண்டு. பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 5 ஆண்டும் 3 மாதமும் பயன்படுத்தாமல் கிடந்தால், அதனால் பாதிக்கப்படும் எவரும் நீக்கக் கோரலாம். வருடத்துக்கு இரண்டு பில்லும் ஒரு பாக்கெட்டும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

தவறான ® உள்ள பவுச் ஏற்கெனவே பத்தாயிரம் அச்சாகிக் கிடக்கிறது என்றால், எல்லாவற்றையும் கொளுத்தவேண்டாம். குறியின் மேல் மட்டும் வெள்ளை ஸ்டிக்கரோ, விலை எழுதாத 'புதுசு' மாதிரிச் சின்ன ஸ்டிக்கரோ ஒட்டி விற்றுத் தீர்க்கலாம். ஆனால் விலை, எடை, தயாரித்த தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இவற்றின்மேல் அந்த ஸ்டிக்கர் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேறு துறையின் வழக்கு.